நான்காம் லேப்பில் கொதித்த டர்போ கார்: ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு காரின் ஏறக்குறைய ஒன்றரை வருடக் கதை. உரிமையாளர் எங்களிடம் வந்தபோது கதை பாதி முடிந்திருந்தது. அவர் ஒதுக்கி வைத்திருந்த பணம் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. அவருடைய ஒப்புதலோடு, பெயரும் கார் மாடலும் இல்லாமல் இங்கே பதிவு செய்கிறோம். முதல் இரண்டு ட்ராக் நாட்களின் (பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் நாட்கள்) விவரங்கள் அவர் சொன்னவை. கூடவே அவருடைய ஓபிடி கருவியில் (காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் கருவி) சேமித்திருந்த பதிவுகளும் இருந்தன. மூன்றாவது நாளிலிருந்து நாங்கள் நேரில் இருந்தோம்.

## பின்னணி

ஐந்து கதவுள்ள, முன்சக்கரங்கள் இழுக்கும் ஹேட்ச்பேக். இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ பெட்ரோல் என்ஜின். ஆலையிலிருந்து வரும்போது சக்தி சுமார் 180 கிலோவாட். ஓட்டுநரோடு எடை 1,450 கிலோ. வார நாட்களில் வேலைக்குப் போவதும் இதே காரில்தான் என்பதால் ஏசியைக் கழற்றக் கூடாது, சத்தம் கூடக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளை உரிமையாளர் முதலிலேயே வைத்தார்.

ட்ராக் டே செஷன் ஒவ்வொன்றும் 20 நிமிடம். ஒரு லேப், அதாவது தடத்தில் ஒரு சுற்று, இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். வேகத்தோடு ஒன்பது லேப் ஓட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. பெரிய ஆசையில்லை. ஆனால் சாலையில் முழு ஆக்சிலேட்டரை ஐந்தாறு விநாடிக்கு மேல் யாரும் மிதிப்பதில்லை. ட்ராக்கில் லேப்பின் பாதி நேரம் அப்படித்தான் போகிறது. சாலைக்கென்று செய்த குளிரூட்டும் அமைப்புக்கு அங்கே மூச்சுவிட இடைவெளி கிடைப்பதில்லை.

## முதல் இரண்டு நாட்கள்

முதல் நாள் வெளியே 32 டிகிரி. காரில் எந்த மாற்றமும் செய்யவில்லை. இரண்டு லேப் நன்றாகப் போனது. மூன்றாவதில் நேர்பாதையின் முடிவில் வேகம் குறைந்தது. நான்காவதில் கார் "சோம்பிவிட்டது" என்றார். பதிவில் காரணம் தெளிவாகத் தெரிந்தது. டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி என்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு 45 டிகிரியில் தொடங்கி 72-ஐத் தொட்டிருந்தது. அதே அழுத்தத்தில் 72 டிகிரிக் காற்று 45 டிகிரிக் காற்றைவிட சுமார் 8 சதவீதம் அடர்த்தி குறைந்தது. அதோடு, சூடான காற்றில் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) வரும் என்பதால் என்ஜின் கணினியான ஈசியூ இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கிறது, அதாவது தீப்பொறியைத் தாமதப்படுத்துகிறது. இரண்டும் சேர்ந்து சக்தியைத் தின்றுவிட்டன. என்ஜினைச் சுற்றி ஓடும் குளிரூட்டும் திரவமான கூலன்ட் அன்று 104 டிகிரியைத் தாண்டவில்லை.

அவர் எடுத்த முடிவு, யாரும் எடுக்கக்கூடியதுதான். ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய இன்டர்கூலரைப் பொருத்தினார். "இப்போது இடம் இருக்கிறதே" என்று ரீமேப்பும் (ஈசியூவின் நிரலை மாற்றுவது) செய்து, பூஸ்டை, அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தை, 1.1 பாரிலிருந்து 1.6 பாருக்கு ஏற்றினார்.

இரண்டாம் நாள் உள்ளே போகும் காற்று 52 டிகிரியில் நின்றது. அதுவரை வெற்றி. ஆனால் நான்காம் லேப்பில் கூலன்ட் 112-ஐத் தொட்டது, ஐந்தாவதில் 118. எச்சரிக்கை விளக்கு எரிந்து கார் லிம்ப் மோடுக்கு (என்ஜினைக் காக்கச் சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலை) போனது. ஆயில் 139 டிகிரி.

காற்றிலிருந்து எடுத்த சூட்டை இன்டர்கூலர் ரேடியேட்டரின் முகத்திலேயே ஊதிக்கொண்டிருந்தது. ரேடியேட்டர் முகத்தில் பத்தில் ஏழு பங்கை அது மறைத்திருந்தது. போதாததற்கு, கூடுதல் பூஸ்டால் என்ஜின் எரிக்கும் பெட்ரோலும் கூடியிருந்தது. பெட்ரோல் என்ஜினில் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது, மீதம் பெரும்பாலும் கூலன்ட் தலையில் விழுகிறது. சக்தியைக் கூட்டினால் கூலன்ட் சுமக்க வேண்டியதும் அதே வீதத்தில் கூடும்.

## எங்களிடம் வந்தபோது

மூன்றாம் நாளுக்கு முன் அவரே இன்னும் மூன்று வேலைகளைச் செய்திருந்தார். தடிமனான அலுமினிய ரேடியேட்டர் போட்டார். "காற்று நன்றாக உள்ளே போகட்டும்" என்று என்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றி வைத்தார். "சூடு வெளியே போகட்டும்" என்று பானெட்டின் பின் ஓரத்தில், கீல்களுக்கு அடியில் வாஷர் வைத்து இரண்டு விரல் உயர்த்தியிருந்தார்.

அன்று வெளியே 34 டிகிரி. கார் ஆறாவது லேப்பில் அதே 118-ஐத் தொட்டது. ஒரு லேப் கூடுதலாக ஓடியதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். எங்களுக்குக் கவலை. தடிமனான ரேடியேட்டரில் தண்ணீர் அதிகம் பிடிக்கும்; அதிகத் தண்ணீர் கொதிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். அடுப்பில் சின்னப் பாத்திரத்துக்குப் பதில் பெரிய பாத்திரம் வைத்த மாதிரி. முள் ஏறும் வேகம் குறைந்ததே தவிர, எங்காவது நிற்கும் அறிகுறி வரைபடத்தில் இல்லை. ட்ராக்கில் பார்க்க வேண்டியது அந்த ஏறும் கோடு எந்த இடத்தில் படுக்கிறது என்பதைத்தான்.

## அளந்து பார்த்தது

புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று முதலில் முடிவு செய்தோம். ஆயில் சூடு, ஆயில் அழுத்தம் இரண்டுக்கும் தனி சென்சார் வைத்தோம். கூலன்ட் சூட்டை அப்படியே எழுதாமல், வெளிச் சூட்டைக் கழித்து எழுதினோம். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) முழுதாகத் திறந்த பிறகு, வெளியே ஒரு டிகிரி ஏறினால் கூலன்டும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். கழித்து எழுதினால்தான் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிட முடியும். மூன்றாம் நாளின் எண் 84, அதுவும் ஏறிக்கொண்டே இருந்த நிலையில்.

அடுத்த கருவி இந்த வேலையிலேயே மலிவானது. மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இரண்டு. ஒன்றின் வாய் இன்டர்கூலருக்கு முன்னால், மற்றது ரேடியேட்டருக்குப் பின்னால். இரண்டின் மறுமுனையும் காருக்குள், வண்ணத் தண்ணீர் ஊற்றிய வளைகுழாயில். காற்று ரேடியேட்டர் வழியாகப் போக அதன் முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் வேண்டும். அந்த வித்தியாசம் தண்ணீர் மட்டத்தில் நேராகத் தெரியும். 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் முழு அழுத்தமே 46 மில்லிமீட்டர் தண்ணீர் அளவுதான். எங்கள் குழாய் காட்டியது 11.

பிறகு பானெட்டின் பின் ஓரத்தில் கம்பளி நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டி, போனில் படம் எடுத்தபடி ஓட்டினோம். நூல்கள் வெளியே பறக்கும் என்று உரிமையாளர் எதிர்பார்த்தார். அவை எல்லாம் உள்ளே இழுபட்டன. முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று முட்டி நிற்பதால் அங்கே அழுத்தம் அதிகம். பல கார்களில் கேபினுக்குப் புதுக்காற்று எடுக்கும் வாயே அந்த இடத்தில்தான் இருக்கும். நின்றிருக்கும்போது அந்த இடைவெளி வழியாகச் சூடு வெளியேறியது உண்மை. ஓடும்போது அதே வழியாகக் காற்று உள்ளே புகுந்து, ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தத்தை ஏற்றியது. அடித்தட்டு இல்லாத குறையும் அதே வேலையைச் செய்தது: கீழிருந்து கலங்கிய காற்று மேலே ஏறி என்ஜின் அறையை நிரப்பியது.

ஆக, அவர் காற்றுக்கென்று திறந்த இரண்டு வழிகளும் ரேடியேட்டர் வழியாகக் காற்று போவதைத்தான் தடுத்தன. என்ஜின் அறைக்குள் காற்று போதுமான அளவு வந்தது, ஆனால் ரேடியேட்டர் வழியாக வரவில்லை.

## காற்றுக்கு வழி

ஒவ்வொன்றாகச் செய்து ஒவ்வொரு முறையும் குழாயைப் பார்த்தோம். வாஷர்களை எடுத்து பானெட்டை இறக்கி, அடித்தட்டைத் திரும்ப மாட்டினோம்: 11 மில்லிமீட்டர் 16 ஆனது. செலவு, சில கிளிப்புகள்.

அடுத்து அடைப்பு வேலை. தடிமனான ரேடியேட்டருக்குப் பழைய பிளாஸ்டிக் ஓரத் தடுப்புகள் பொருந்தவில்லை என்று கழற்றிப் போட்டிருந்தார்கள். இருபுறமும் கை நுழையும் இடைவெளி. காற்று சோம்பேறி, ரேடியேட்டரின் அடர்த்தியான ஃபின் (மெல்லிய தகடுகள்) வழியாகப் போவதைவிடச் சுற்றிக்கொண்டு போவதையே விரும்பும். மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி, ஓரங்களில் சூடு தாங்கும் ஃபோம் ஒட்டி, பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டர் வரை பெட்டி போல அடைத்தோம். இரண்டு மாலை நேரம் பிடித்தது. குழாய் 21 காட்டியது.

பானெட்டில் வெட்டும் வேலையை உரிமையாளரிடம் கேட்டுத்தான் செய்தோம். ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன் மூன்றில் ஒரு பங்கில் காற்று வளைந்து மேலேறும் இடத்தில் அழுத்தம் குறைவு. அங்கே இரண்டு திறப்புகள் வைத்தோம். குழாய் 24-க்குப் போனது. அடைப்பு வேலை தந்த பலனோடு ஒப்பிட்டால் குறைவுதான், திறப்புகளையே முதலில் செய்திருந்தால் ஏமாந்திருப்போம்.

கூலன்ட் கலவையையும் மாற்றினோம். தண்ணீரும் உறைதடுப்புத் திரவமான கிளைக்காலும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை ஒரு டிகிரி ஏற ஒரு கிலோவுக்கு சுமார் 3.5 கிலோஜூல்தான் வாங்கும். வெறும் தண்ணீர் 4.18 வாங்கும். உறைபனிப் பருவம் இல்லையென்பதால் கிளைக்காலைக் கால் பங்குக்குக் குறைத்தோம், துருத்தடுப்பு சேர்த்து. கொதிநிலை குறையுமே என்றார் உரிமையாளர். குறையும்தான். ஆனால் கொதிநிலையைக் காப்பதில் பெரும்பங்கு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் ரேடியேட்டர் மூடிக்கு: 1.1 பார் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 121 டிகிரி வரை கொதிக்காது. பழைய மூடியைச் சோதித்தபோது 0.8 பாரிலேயே விட்டுவிட்டது. புதியது போட்டோம்.

நான்காம் ட்ராக் நாள், வெளியே 33. கூலன்ட் ஏழாம் லேப்பில் 110-இல் படுத்தது. முதல் முறையாகக் கோடு நேரானது. கழித்து எழுதினால் 77. ஆயில் இன்னும் 134.

## ஆயிலும் பூஸ்டும்

இந்த என்ஜினில் ஆயிலைக் குளிர்விப்பது கூலன்ட்தான். ஆயிலும் தண்ணீரும் அருகருகே ஓடும் சின்ன மாற்றி ஒன்று ஃபில்டர் பக்கத்தில் இருக்கிறது. குளிர்காலக் காலையில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்குவது அதன் நல்ல குணம். ட்ராக்கில் அது ஏற்கெனவே திணறும் ரேடியேட்டரிடம் ஆயிலின் பாரத்தையும் ஒப்படைக்கிறது. ஆயில் அவ்வளவு சூடானபோது 5,000 ஆர்பிஎம்முக்கு ஆயில் அழுத்தம் 3.1 பார்தான் இருந்தது. எங்களைப் பயமுறுத்திய எண் அதுதான். கூலன்ட் கொதித்தால் ஆவி வந்து சொல்லும். நீர்த்துப்போன ஆயில் சொல்லிக்கொள்ளாமல் பேரிங்கைக் கொண்டுபோகும்.

தெர்மோஸ்டாட் உள்ள அடாப்டரோடு தனி ஆயில் கூலர் போட்டோம். தெர்மோஸ்டாட் இல்லாத அடாப்டர் மலிவு. ஆனால் தினசரி ஓடும் காரில் ஆயில் சூடேறவே நேரமாகும், பெட்ரோலும் ஈரமும் ஆயிலிலேயே தங்கும். கூலரை ரேடியேட்டர் முன்னால் வைக்கச் சொன்னவர்கள் உண்டு. ஏற்கெனவே அங்கே இன்டர்கூலர், ஏசி கன்டென்சர், ரேடியேட்டர் என்று மூன்றடுக்கு. ஆகவே முன் சக்கர வளைவுக்கு முன்னால், பம்பர் ஓரத் திறப்புக்குப் பின்னால் வைத்து, சூடான காற்று சக்கர வளைவுக்குள் வெளியேற, வளைவின் பிளாஸ்டிக் உள்ளுறையான லைனரில் துளைகள் போட்டோம். ஆயிலையும் 5டபிள்யூ-30-லிருந்து, சூட்டில் சற்றுக் கெட்டியாக இருக்கும் 5டபிள்யூ-40-க்கு மாற்றினோம்.

பூஸ்டைப் பற்றிய பேச்சுதான் கடினமாக இருந்தது.

"காசு கொடுத்து ஏத்தினதை இறக்கச் சொல்றீங்களா சார்?"

ஆமாம் என்றோம், கணக்கையும் காட்டினோம். 34 டிகிரிக் காற்றை 1.6 பார் பூஸ்டுக்கு அழுத்தும்போது கம்ப்ரஸரின் (டர்போவில் காற்றை அழுத்தும் பகுதி) திறன் 65 சதவீதம் என்று வைத்தால், வெளியே வரும் காற்று 180 டிகிரியைத் தாண்டும். 1.25 பாரில் கம்ப்ரஸர் சற்று வசதியான இடத்தில், 70 சதவீதத் திறனில் சுற்றும். காற்று 150-க்குள் நிற்கும். டர்போவின் எல்லையை ஒட்டி எடுக்கும் கடைசிக் கொஞ்சம் காற்றுக்குச் சூடுதான் மிகுதி. பதிவில் இன்னொன்றும் இருந்தது. 1.6 பாரில் ஈசியூ நாக்கிங்குக்குப் பயந்து இக்னிஷனை ஐந்து டிகிரி வரை பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. தாமதமாக எரிந்தால் எரிதலின் சூடு பிஸ்டனைத் தள்ளுவதில் செலவாகாமல் புகையோடு டர்பைனுக்கு (டர்போவில் புகை சுழற்றும் பகுதி) போகும். காகிதத்தில் இருந்த சக்தியில் ஒரு பங்கு நான்காம் லேப்பில் காரிலேயே இல்லை, அதன் சூடு மட்டும் இருந்தது.

உள்ளே போகும் காற்றில் தண்ணீர்-மெத்தனால் கலவையைத் தெளித்துக் குளிர்விப்பதை மாற்று யோசனையாக அவர் முன்வைத்தார். புதிதல்ல: 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரே நாக்கிங்கை அடக்க இப்படி ஒரு திரவத்தைத் தெளித்தது, உரிமையாளர்கள் தொட்டியை நிரப்ப மறந்ததுதான் அந்தக் காரின் பெரிய சிக்கல். 20 நிமிட செஷனின் நடுவில் தொட்டி காலியானால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு எங்களிடம் நம்பகமான பதில் இல்லாததால் வேண்டாமென்றோம்.

1.25 பாருக்கு ஒப்புக்கொண்டார், முழு மனதோடு இல்லை. டர்பைன் உறைக்கு வெப்பப் போர்வையும், பக்கத்து ஹோஸ்களுக்குச் சூடு திருப்பும் உறையும் அதே வாரம் போட்டோம்.

## ஐந்தாம் நாளும் ப்ரேக்கும்

வெளியே 35. கூலன்ட் 103-இல் நின்றது, கழித்தால் 68. ஆயில் 121, அழுத்தம் 3.9 பார். உள்ளே போகும் காற்று 47. ஒன்பது லேப்பும் ஓடின. மிக வேகமான லேப், 1.6 பார் காலத்து முதல் லேப்பைவிட 0.4 விநாடி மெதுவானது. ஆனால் ஒன்பது லேப்புக்கும் இடையே வித்தியாசம் ஒரு விநாடிக்குள். இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்த பிறகுதான் பூஸ்ட் பேச்சு நின்றது.

இரண்டாவது செஷனின் எட்டாம் லேப்பில் ப்ரேக் பெடல் தரைவரை போனது. இரண்டாம் முறை மிதித்து நிறுத்தினார், சேதமில்லை. இது எங்கள் கவனக்குறைவு. என்ஜின் முன்பு நான்காம் லேப்பிலேயே ஓய்ந்துவிட்டதால் ப்ரேக் ஒருபோதும் முழுச் சூட்டைப் பார்த்ததில்லை. 1,450 கிலோ கார் 180 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது விட வேண்டிய ஆற்றல் 1.45 மெகாஜூல். நான்கு விநாடியில் அதை முடித்தால், ஆலைக் கணக்கில் என்ஜினின் சக்தியைப் போல இரண்டு மடங்கு. அதில் பெரும்பகுதி டிஸ்க்கில்தான் இறங்குகிறது.

ப்ரேக் ஃப்ளூயிட் இரண்டு வருடப் பழையது. அது கொதித்துக் குமிழி வந்தால் பெடல் இறங்கிவிடும். டாட் 4 என்ற ப்ரேக் ஃப்ளூயிட் தர விதிப்படி புதிய ஃப்ளூயிட் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சியதற்கு விதி கேட்பது 155 மட்டும். 300-க்கு மேல் கொதிநிலை உள்ள ஃப்ளூயிட், ட்ராக் பேட், பனிவிளக்கு இடத்திலிருந்து டிஸ்க்கின் நடுவுக்குக் காற்றுக் குழாய் என்று அடுத்த நாளுக்குள் முடித்தோம். டிஸ்க் ஓரத்தில் பூசிய சூடு காட்டும் பெயின்டில் 560 டிகிரிக் கோடு நிறம் மாறியது, 610 மாறவில்லை.

## ஆறாம் நாள்

வெளியே 39 டிகிரி. கூலன்ட் 106, ஆயில் 126. கழித்தெழுதும் கணக்கு ஏறக்குறைய சொன்னபடியே நடந்தது. பெடல் கடைசிவரை ஒரே உயரத்தில். கடைசி லேப்பை மெதுவாக ஓட்டி, கைப்ரேக் போடாமல், பானெட் திறந்து நிறுத்துவது இப்போது பழக்கம். ஒருமுறை அப்படிச் செய்யாமல் நேராக உள்ளே வந்து அணைத்தபோது, பம்ப் நின்று உலோகத்தின் சூடு தேங்கி, கூலன்ட் நான்கு நிமிடத்தில் 7 டிகிரி ஏறியதைப் பதிவில் பார்த்திருக்கிறோம்.

## மறுபடி செய்தால்

கார் எங்களிடம் வந்த முதல் நாளே சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டை (எரிதல் வாயுவையும் கூலன்டையும் பிரித்து வைக்கும் அடைப்பு) சோதித்திருப்போம். 118 தொட்ட காரை வாங்கி வைத்துக்கொண்டு, கூலன்டில் எரிதல் வாயு கசிகிறதா என்று ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் பார்த்தோம். நல்லவேளை, இல்லை. இருந்திருந்தால் அத்தனை அளவீடும் வீண்.

ஆயில் கூலரையும் பூஸ்ட் குறைப்பையும் ஒரே வாரத்தில் செய்தது இரண்டாவது தவறு. 77-லிருந்து 68-க்கு இறங்கியதில் எது எவ்வளவு என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது. நடுவில் ஒரு ட்ராக் நாள் விட்டிருக்க வேண்டும்.

இன்டர்கூலரை முதலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், உயரம் குறைந்து, பம்பரின் கீழ்வாயில் அடங்கும் ஒன்றை எடுத்து ரேடியேட்டரின் மேல்பாதியை விட்டுவைப்போம். தடிமனான ரேடியேட்டரை வாங்கவே விடமாட்டோம். அதற்கு ஏற்ற ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய உறை) இல்லாததால் நெரிசலில் இன்றும் ஃபேன் அதிக நேரம் ஓடுகிறது. ஆயில் ஹோஸ் ஒன்று பம்பர் பிராக்கெட்டில் உரசி மேல்பின்னல் கிழிந்திருந்ததை ஆறாம் நாள் காலைச் சோதனையில் கண்டோம். இன்னும் இரண்டு செஷன் போயிருந்தால் ட்ராக் முழுக்க ஆயில் சிந்தியிருக்கும். இப்போது அந்த இடத்தில் ரப்பர் உறை இருக்கிறது, ஒவ்வொரு நாளும் கையால் தடவிப் பார்க்கும் பட்டியலில் அதுதான் முதலில்.

பானெட் திறப்புகள் வழியாக மழைநீர் நேராக இக்னிஷன் காயில் மேல் விழுகிறது. அதற்கு இரண்டு மூடித் தகடுகள் செய்து டிக்கியில் போட்டிருக்கிறோம். மழை நாளில் வேலைக்குக் கிளம்பும் முன் அவர் அவற்றை மாட்டுகிறார். ட்ராக்கில் கழற்ற ஒருமுறை மறந்திருக்கிறார், அன்று கூலன்ட் இரண்டு டிகிரி கூடுதல்.